ஆவூருக்கு எத்தனை நாள்?
மண்ணும் வானும் – வரலாற்றுத் தொடர், பகுதி 17

திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கு நேர்வழித் தூரம் சுமார் 2,980 கிலோமீட்டர். அதே திருச்சியிலிருந்து மேற்கே ஷார்ஜாவுக்குச் சுமார் 2,930. ஐம்பது கிலோமீட்டர் வித்தியாசத்தைத் தள்ளிவிட்டால், கிழக்கே பிழைக்கப் போனவர்களுக்கும் மேற்கே பிழைக்கப் போனவர்களுக்கும் நட்ட நடுவில் நிற்கிறது திருச்சி. இரண்டு பக்கமும் பறக்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மணி.

இந்த நான்கு மணி நேரத்தின் வரலாற்றை எழுத வேண்டும் என்று நினைத்தபோது, எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. திருச்சிக்குத் தெற்கே 24 கிலோமீட்டர், புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலை வட்டத்தில் இருக்கும் ஆவூர்தான் அதற்கு உரிய இடம். கும்பகோணம் பக்கத்து ஆவூரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெரியநாயகி மாதா கோயிலும், ஈஸ்டர் பாஸ்காவும், அதையொட்டி வரும் தேரும் உள்ள ஆவூர் இது. இன்று இந்தப் பக்கத்து வானத்தில் விமானச் சத்தம் கேட்டு யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டின் உள்நாட்டுக் கிராமங்களில் ரோமோடும் லிஸ்பனோடும் பாரிஸோடும் 300 ஆண்டுகளுக்கு முன்பே கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவை மிகச் சில. அவற்றில் இது ஒன்று. தூரம் என்பது இங்கே எந்தக் காலத்திலும் கிலோமீட்டராக இருந்ததில்லை. எதற்காகக் காத்திருக்க வேண்டும், எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதே தூரமாக இருந்தது. இந்தப் பகுதி முழுக்க அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆவூர்த் தலத்தைத் தொடங்கியவர் பிரான்சு நாட்டு இயேசு சபைத் துறவி பூஷே அடிகளார். மக்கள் அவரைப் பெரிய சஞ்சீவிநாதர் என்று அழைத்தார்கள். கோயில் எழுந்த ஆண்டு 1547 என்று சில கையேடுகளில் அச்சாகியிருக்கிறது. பூஷே பிறந்ததே 1655-ல்தான். 1697 என்பதே சரி. இப்போது நிற்கும் பெரிய கோயில் அதற்கு ஐம்பது ஆண்டு கழித்து, 1747-ல் எழுப்பப்பட்டது.

பூஷே நேராகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர் அல்லர். 1687-ல் சயாம் அரசவைக்குப் புறப்பட்ட பிரெஞ்சுத் துறவிகளின் குழுவில் ஒருவராகக் கப்பல் ஏறினார். மறு ஆண்டே சயாமில் அரசியல் புரட்சி வெடித்து, பிரெஞ்சுக்காரர்கள் வெளியேற நேர்ந்தது. அதன் பிறகுதான் அவர் இந்தியாவுக்கு வந்து மதுரை மிஷனில் சேர்ந்தார். அதே குழுவில் வந்த ரிஷோ என்ற துறவி புதுச்சேரியில் தங்கினார். 1689 டிசம்பரில் ஒரு வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆல்ஃபா சென்டாரி என்னும் விண்மீன் உண்மையில் இரண்டு விண்மீன்கள் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். சமயப் பணிக்கு வந்தவர்கள் கையில் தொலைநோக்கி எதற்கு என்று கேட்கத் தோன்றும். அக்காலத்தில் ஒரு ஊர் இன்னொரு ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று அறிய வானத்தைத்தான் பார்க்க வேண்டும். வடக்கு தெற்காக ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்பதை நண்பகல் சூரியனின் உயரத்தையோ துருவ நட்சத்திரத்தின் உயரத்தையோ வைத்துச் சொல்லிவிடலாம். கிழக்கு மேற்காக எங்கே என்பதுதான் கடினம். அதற்கு வியாழனின் துணைக்கோள்கள் மறைவதை இரண்டு ஊர்களில் இருந்து பார்த்து, இரண்டு ஊர்களின் நேர வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும். கிழக்கு மேற்குத் தூரம் என்பது அன்றைக்கே நேரக் கணக்காகத்தான் இருந்தது.

பூஷே ஆவூரைக் கட்டியபோது மதுரை நாட்டை ஆண்டவர் ராணி மங்கம்மாள், அரசவை திருச்சியில். மிஷனுக்குப் பாதுகாப்புக் கேட்டு அவர் திருச்சிக்குப் போய்த் தளவாய் நரசப்பையரைச் சந்தித்தார். வெறுங்கையோடு அரண்மனைக்குப் போக முடியாது. அவர் கொண்டுபோன பரிசுகளின் பட்டியலைச் சக துறவி ஒருவரின் கடிதம் பதிந்து வைத்திருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடிகள், சூரிய ஒளியைக் குவித்துத் தீ மூட்டும் ஆடிகள், சீனப் பாத்திரங்கள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் முதலில் நிற்பது ஒரு பூகோள உருண்டை. இரண்டடி விட்டம். உலகின் தேசங்கள், நாடுகள், கடல்கள் எல்லாவற்றின் பெயர்களும் அதில் தமிழில் எழுதப்பட்டிருந்தன.

எனக்கு இந்தத் தொடரில் கிடைத்த செய்திகளிலேயே நெஞ்சை அதிகம் தொட்டது இதுதான். பள்ளிக்கூடச் சுவரில் தமிழ் உலகப்படம் தொங்குவதற்கு நெடுங்காலம் முன்னதாகவே, தமிழ் எழுத்தில் உலகம் முழுவதும் ஓர் உருண்டையின் மேல் திருச்சி அரண்மனைக்குள் போயிருக்கிறது. அதை எழுதியவர் அல்லது எழுத உதவியவர் யாரோ ஓர் உபதேசியாராக இருந்திருக்கலாம். பெயர் நமக்கு வரவில்லை. அந்த உருண்டையும் வரவில்லை.

அதன் அளவு மட்டும் நம்மிடம் இருக்கிறது. இரண்டடி விட்டம் என்றால் சுற்றளவு ஏறத்தாழ 190 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு சென்டிமீட்டருக்கு 210 கிலோமீட்டர். தளவாய் திருச்சியின் மேல் விரலை வைத்துக் கிழக்கே நகர்த்தியிருந்தால், இன்றைய சிங்கப்பூர் 14 சென்டிமீட்டரில் வந்திருக்கும். ஒரு சாண்கூட இல்லை. மேற்கே நகர்த்தினால் ஷார்ஜாவும் அதே 14. லிஸ்பன் நேர்கோட்டில் 43 சென்டிமீட்டர், அதாவது இரண்டு சாண். ஆனால் பூஷேயின் ஆட்கள் அந்த நேர்கோட்டில் வர முடியாது. அவர்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்ற வேண்டும். பதினெட்டாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாத வழி அது. உருண்டையில் நான்கு சாண்.

அந்த நான்கு சாணுக்கு ஆறு மாதம். கப்பல்கள் லிஸ்பனை விட்டு மார்ச்சிலோ ஏப்ரலிலோ கிளம்பும். அப்போது கிளம்பினால்தான் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து, செப்டம்பர் அக்டோபரில் கோவாவை அடையலாம். பருவம் தவறினால் மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் கிடந்து அடுத்த காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். திரும்பிப் போகிற கப்பல்கள் டிசம்பர் ஜனவரியில் கோவாவை விட்டாக வேண்டும். பின்னாளில் ஆவூரிலும் பணிபுரிந்த வீரமாமுனிவர் இந்த வழியில் வந்தவர்தான். 1710-ல் லிஸ்பனில் ஏறி, அதே ஆண்டு அக்டோபரில் கோவாவில் இறங்கினார். அங்கிருந்து மதுரை மிஷனை அடைந்தபோது 1711 பிறந்துவிட்டது. காற்று சரியாக வாய்த்த பயணம் அது.

ஒரு கடிதத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆவூரில் நவம்பரில் எழுதிய மடல், ஆள் வழியாகக் கரையை அடைந்து, புத்தாண்டையொட்டிக் கப்பல் ஏறும். அடுத்த கோடை முடிகிற சமயம் லிஸ்பன். அங்கிருந்து ரோம் போய்ச் சேர இன்னும் ஒன்றிரண்டு மாதம். ரோமில் அன்றைக்கே பதில் எழுதினாலும், அது மறு மார்ச்சில்தான் கப்பல் ஏற முடியும். அக்டோபரில் கோவா, நவம்பரில் ஆவூர். ஒரு கேள்விக்கு ஒரு பதில், இரண்டு ஆண்டு. கப்பல் கவிழ்ந்தால் அதுவும் இல்லை. அதனால் ஒரே கடிதத்தை இரண்டு மூன்று படி எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவது இயேசு சபையாரின் வழக்கம்.

இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் மலபார்ச் சடங்குகள் பற்றிய வழக்கு ஏன் அவ்வளவு நீண்டது என்பது புரியும். தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாலி கட்டலாமா, எந்தெந்த நாட்டுச் சடங்குகளைக் கைக்கொள்ளலாம், தாழ்த்தப்பட்டவர்கள் வீட்டுக்குள் குருமார் போகாமல் இருக்கலாமா என்பவை கேள்விகள். 1704 ஜூனில் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் தங்கியிருந்தபோது தடை ஆணை பிறப்பித்தார். இயேசு சபையின் தரப்பைச் சொல்ல பூஷேயும் போர்த்துகீசியரான லைனெஸ் அடிகளாரும் ரோமுக்கே அனுப்பப்பட்டார்கள். எழுதி அனுப்பி விளக்கிவிட முடியாது என்று தெரிந்ததால்தான் ஆளே போக வேண்டியிருந்தது. வழக்கு முடிந்தது 1744 செப்டம்பரில், பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணையோடு. நாற்பது ஆண்டு. கொள்கைப் பிடிவாதம், சபைகளுக்கு இடையிலான பகை எல்லாம் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு விளக்கத்துக்கும் இரண்டு ஆண்டு ஆகிற உலகத்தில், தாலியில் என்ன உருவம் இருக்கலாம் என்ற கேள்விக்கு விடை கிடைப்பதற்குள் கேட்ட பெண்ணுக்குப் பேரக்குழந்தைகள் பிறந்திருக்கும். அதுவரை ஆவூர் மக்கள் விடை தெரியாமலே கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள்.

ரோமிலிருந்து திரும்பிய பூஷே 1732-ல் புதுச்சேரியில் இறந்தார். அதற்கு முன் அவர் செய்த ஒரு வேலை நம் தலைப்புக்கு நேராக வருகிறது. மதுரை நாட்டுக்கும் அதைச் சூழ்ந்த பகுதிகளுக்கும் ஒரு வரைபடம் உருவாக்கி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பாரிஸில் 1702 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்த இயேசு சபையார் மடல்களோடு அது அச்சானது. 1752-ல் தான்வில் என்ற பிரெஞ்சு புவியியலாளர் புகழ்பெற்ற தம் இந்திய வரைபடத்தை வெளியிட்டபோது, தமிழகத்தின் உட்பகுதிக்கு அவருக்குக் கிடைத்த ஆதாரங்களில் பூஷேயின் படம் முக்கியமானது. தான்வில் இந்தியாவுக்கு வந்தவரே அல்லர். பாரிஸில் உட்கார்ந்தபடி, காவிரிக்கரையிலிருந்து வந்த ஒரு மனிதரின் காலடிக் கணக்கை நம்பிக் கோடு போட்டார். அந்தக் கால்கள் நடந்த வழிகளில் ஆவூர் வழியும் ஒன்று.

அடுத்த நூறாண்டைச் சுருக்கமாகத் தாண்டிவிடலாம். 1773-ல் இயேசு சபையை ரோமே கலைத்தது. 1830-களின் கடைசியில் பிரெஞ்சு இயேசு சபையார் மறுபடி மதுரை மிஷனுக்கு வந்தார்கள். 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. லண்டனுக்கும் பம்பாய்க்கும் இடையே கடல்வழி சுமார் 19,700 கிலோமீட்டரிலிருந்து 11,600 ஆகக் குறைந்தது. நீராவிக் கப்பலுக்குப் பருவக்காற்று தேவையில்லை. ஆறு மாதம் சில வாரமானது. அதற்கு முன்பே, 1862-ல், நாகப்பட்டினத்திலிருந்து ரயில் திருச்சிவரை வந்துவிட்டது.

இந்த ரயில்தான் ஆவூர்ப் பக்கத்து மக்களின் முகத்தை ஐரோப்பாவிலிருந்து கிழக்குக்குத் திருப்பியது. அதுவரை தூரதேசம் என்பது அங்கிருந்து இங்கே ஆள் வருகிற இடம். இனி இங்கிருந்து ஆள் போகிற இடம். இலுப்பூர், கீரனூர், விராலிமலை என்று இந்த வறண்ட சீமையிலிருந்து மக்கள் திருச்சிக்கு வந்து, ரயிலேறி நாகப்பட்டினம் போய், அக்கரைச் சீமைக்குக் கப்பல் ஏறினார்கள். தோட்டக்காட்டுக்குக் கூலிகளாகப் போனவர்கள், கடைக்குக் கணக்கெழுதப் போனவர்கள், வியாபாரத்துக்குப் போனவர்கள் என்று எல்லோரும் அதில் உண்டு.

ரஜூலா கப்பலைப் பற்றி ஒரு தலைமுறை இன்னமும் பேசும். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக கிளாஸ்கோவில் கட்டப்பட்டு 1926-ல் ஓடத் தொடங்கியது. தொடக்கத்தில் 5,000 தளப்பயணிகளுக்கு மேல் ஏற்ற உரிமம் பெற்றிருந்த கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ 1,250 கடல் மைல். மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் வேகத்தில் நாலரை நாள். சிங்கப்பூர்வரை என்றால் ஒரு வாரம்.

அந்த ஒரு வாரம் பயணச்சீட்டில் உள்ள கணக்கு. உண்மைக் கணக்கு வேறு. நாகப்பட்டினத்தில் கடல் ஆழம் போதாததால் கப்பல் கரைக்கு வராது. தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பயணிகளைப் படகில் ஏற்றி, அலையில் ஆடுகிற கப்பலின் ஏணியருகே கொண்டுபோவார்கள். கைக்குழந்தையோடு வந்த பெண்கள் அந்த ஏணியில் கால் வைத்த பயத்தை ஆயுசுக்கும் மறக்கவில்லை. கடல் கொந்தளித்தால் படகு போகாது. சத்திரத்தில் காத்திருக்க வேண்டும். தளப்பயணி என்றால் அறை கிடையாது, விரித்த பாய்தான் இடம். பினாங்கில் இறங்கியதும் ஊருக்குள் விடமாட்டார்கள். அம்மை, காலரா ஐயம் இருந்தால் ஜெரஜாக் தீவில் தனிமை முகாம். அங்கே நாள்கணக்கில் கிடந்து, மருந்துப் புகை போட்ட துணியை உடுத்திக்கொண்டு வெளியே வர வேண்டும். ஆக, ஆவூரிலிருந்து ஒரு தோட்டத்துக்குப் போய்ச் சேர மூன்று வாரம், ஒரு மாதம்கூட ஆகும். அதில் கடலில் கழிந்தது பாதிகூட இராது.

ரஜூலாவுக்குப் பின் எம்.வி. சிதம்பரம் என்ற கப்பல் அந்த வழியில் ஓடியது. 1985 பிப்ரவரி 12 அன்று நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் மாண்டனர். தமிழகத்துக்கும் மலேசியாவுக்கும் இடையிலான பயணிகள் கப்பல் போக்குவரத்து அதோடு முடிந்தது. அன்றைக்குச் சாமானியர்கள் விமானத்துக்கு மாறியது வசதி பெருகியதால் மட்டுமல்ல, வேறு வழி இல்லாமலும்தான் என்பதை இங்கே பதிந்து வைக்க வேண்டும்.

விமானம் அதற்கு நெடுநாள் முன்பே திருச்சிக்கு வந்திருந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு ஒற்றை எஞ்சின் விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டினார். 1938 பிப்ரவரி இறுதியில் அந்தத் தபால் வழி சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்புவரை நீண்டது. பிரிட்டிஷ் பேரரசுக்குள் கடிதங்களைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் விமானத்தில் அனுப்பும் திட்டம் அப்போது நடப்பில் இருந்தது. லண்டனில் தபாலில் சேர்த்த கடிதம் ஒரு வாரத்துக்குள் திருச்சிக்கு வந்தது. பூஷே காலத்தில் இரண்டு ஆண்டு ஆன கேள்வி பதிலுக்கு இப்போது இரண்டு வாரம் போதும். விமானத்தால் இந்தச் சீமை முதலில் பெற்றது ஆள் பயணத்தை அல்ல, கடிதத்தைத்தான். கையெழுத்துப் போடத் தெரியாத தாய்க்கு யாரோ வாசித்துக் காட்டிய மலாயாக் கடிதங்கள், மணியார்டர் வந்த சேதி, சாவுச் செய்தி எல்லாம் ஆளுக்கு முன்னால் வேகம் எடுத்துக்கொண்டன.

இனி அந்த நான்கு மணி நேரத்துக்கு வருவோம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு 2,980 கிலோமீட்டர் என்றேன். நடுத்தர ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும். வகுத்தால் மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இல்லை. ஓடுபாதைவரை ஊர்ந்து போகவும், இறங்கிய பின் ஊர்ந்து வரவும் நேரம் வேண்டும். எதிர்க்காற்று என்றால் கூடும், பின்காற்று என்றால் குறையும். சாங்கி போன்ற நெரிசலான இடத்தில் வரிசைக்காக வானத்திலேயே வட்டமிட வைப்பார்கள். இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் கால அட்டவணையில் நான்கு மணி என்று போடுகிறார்கள். காற்றின் ஆட்சி ஒழியவில்லை. மாதக்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்கு வந்திருக்கிறது.

கடிகாரம் இன்னொரு குழப்பம் தரும். இரவு 11 மணிக்குத் திருச்சியை விட்டால், நான்கு மணி நேரப் பயணத்துக்குப் பின் சிங்கப்பூரில் மணி விடிகாலை 5.30. ஷார்ஜாவுக்கு அதே 11 மணிக்குக் கிளம்பினால், அங்கே இறங்கும்போது 1.30 மணிதான். "அவன் ரெண்டரை மணி நேரத்துல போய்ட்டானாம், இவனுக்கு ஆறரை மணி நேரமாம்" என்று வீட்டில் பேசுவதைக் கேட்டிருப்போம். சூரியனை வைத்துப் பார்த்தால் திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் உண்மை வித்தியாசம் ஒரு மணி நாற்பது நிமிடம்தான். 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டதும் சேர்ந்து கடிகாரத்தில் இது இரண்டரை மணியாக நிற்கிறது. அரசாங்கத்தின் ஒரு கையெழுத்து பூமியின் சுழற்சியைவிட வலிமையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ரோமுக்குத் திருச்சியிலிருந்து நேர் விமானம் இல்லை. நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 7,270 கிலோமீட்டர். துபாயில் மாறிப் போனால் எவ்வளவு கூடும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். இருபது கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. துபாய் அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. பூஷேயும் லைனெஸும் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போன ரோமுக்கு, பூமி அனுமதிக்கும் மிகக் குறுகிய வழியிலேயே இன்று ஓர் ஆவூர்க்காரர் போகிறார். பறக்கும் நேரம் மொத்தம் பத்தரை மணி அளவு. விமானம் மாறக் காத்திருக்கும் நேரம் தனி.

பறக்கும் நேரம் தூரத்தைச் சொல்லாது என்பதை இந்தச் சீமை மக்கள் தலைக்கு மேலேயே கண்ட நாள் ஒன்று உண்டு. 2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. மாலை 5.40-க்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் ஷார்ஜா விமானம் 140-க்கு மேற்பட்டவர்களோடு திருச்சியிலிருந்து கிளம்பியது. சற்று நேரத்தில் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு. உடனே இறங்க முடியாது. போயிங் 737 வகை விமானங்களில் எரிபொருளை வானத்திலேயே வெளியேற்றும் வசதி கிடையாது. அவற்றில் 800 என்னும் மாதிரி அதிகபட்சம் 79 டன்னோடு எழும்பலாம், ஆனால் 66 டன்னுக்கு மேல் எடையோடு இறங்கக் கூடாது. நான்கு மணி நேரப் பயணத்துக்கு நிரப்பிய எரிபொருளைப் பறந்து பறந்துதான் தீர்க்க வேண்டும். திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களின் வானில் அந்த விமானம் வட்டமிட்டது. அந்தி சாய்ந்து இருட்டியது. கீழே ஊர்ஊராக ஜனங்கள் தெருவுக்கு வந்து அண்ணாந்து நின்றார்கள். தொலைக்காட்சியில் அதே விமானத்தின் வட்டம் வரைபடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுபாதை அருகே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் வரிசை கட்டின. இரவு 8.15-க்கு விமானம் பத்திரமாக இறங்கியது. எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பறந்து கடந்த தூரம், கிளம்பிய இடத்திலிருந்து கிளம்பிய இடம்.

அதற்கு ஆறு ஆண்டு முன், 2018 அக்டோபர் 12 அதிகாலையில், திருச்சியிலிருந்து 136 பேரோடு துபாய்க்குக் கிளம்பிய விமானம் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு எழும்பியது. வயிற்றுப் பகுதி கிழிந்தும் விமானிகள் உணராமல் கடலுக்கு மேல் தொடர்ந்து பறந்தார்கள். பிறகு திருப்பி விடப்பட்டு விடியற்காலை மும்பையில் இறங்கியது. யாருக்கும் காயமில்லை. திருச்சியின் ஓடுபாதை நீளம் ஏறத்தாழ 2,480 மீட்டர். அதை நீட்ட வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் கண்ணுக்கு அழகாக இருக்கிறது. ஆனால் முனையத்தைவிட ஓடுபாதைக்கே முதலிடம் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

இந்தக் கதையில் மிகப் பெரிய காத்திருப்பு நம் கண்முன் நடந்தது. 2020 மார்ச் நான்காம் வாரத்தில் கொரோனாவுக்காக நாடு சர்வதேச விமானங்களை நிறுத்தியது. தூரம் அதே 2,980. விமானங்கள் நின்ற இடத்தில் நின்றன. சுற்றுலா விசாவில் கோலாலம்பூருக்குப் பேரப்பிள்ளை பார்க்கப் போன முதியவர்கள் அங்கே சிக்கினார்கள். வேலை போன இளைஞர்கள் துபாய், ஷார்ஜா தங்குமிடங்களில் ஒரே அறையில் பத்துப் பேராய் அடைபட்டுக் கிடந்தார்கள். மே மாதம் வந்தே பாரத் திட்டத்தில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குச் சிறப்பு விமானம் வந்தது. தூதரகத்தில் பெயர் பதிந்து, முன்னுரிமைப் பட்டியலில் இடம் கிடைத்து, இங்கே இறங்கியதும் பரிசோதனை, தனிமை முகாம். ஜெரஜாக் தீவு இந்த முறை நம் பக்கம் இருந்தது. தகப்பன் சாவுக்கு வர முடியாமல் வாட்ஸ்அப்பில் அடக்கத்தைப் பார்த்து அழுத பிள்ளைகள் எத்தனையோ பேர். வழக்கமான சர்வதேச விமானங்கள் முழுமையாகத் திரும்பியது 2022 மார்ச் 27 அன்று. இரண்டு ஆண்டு. ஆவூரிலிருந்து ரோமுக்குக் கடிதம் போய்ப் பதில் வர ஆன அதே காலம்.

இங்கே திருச்சி–சிங்கப்பூர் 2,980 என்றும் திருச்சி–ரோம் 7,270 என்றும் இவ்வளவு துணிவாக எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பூமியின் வடிவமும் அளவும் சரியாகத் தெரியாமல் இந்த எண்கள் கிடைக்காது. பூஷே காலடியால் அளந்ததைக் கருவியால் அளக்க ஒருவர் வந்தார். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலையில் நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன், 1808-ல் தஞ்சைக்கு வந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் கருவியைப் பெரிய கோயிலின் விமானக் கோபுரத்தின் மேல் ஏற்ற முயன்றார். கயிறு அறுந்தது. கருவி எதில் மோதியது, அதன் பிறகு லாம்ப்டன் என்ன செய்தார் என்பது அடுத்த பகுதியில்.

(தொடரும்)